அவளுக்கு வந்த சர்வீஸ்

மாரீஸ்வரி ஷட்டில் ஆடக் கற்றுக்கொண்டது ஒரு தேயிலை ஃபேக்டரியின் மாடியில். மூணாறுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் பழைய ஃபேக்டரியை எப்போதோ மூடிவிட்டார்கள். ஒருகாலத்தில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டிய மேல்தளம் மட்டும் பலகைத் தரையோடு சும்மா கிடந்தது. எஸ்டேட் ஆட்கள் அதில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, நடுவே ஒரு நெட்டைக் கட்டினார்கள். வெளியே ஆடினால் என்ன என்று கேட்பவர்கள் அந்த மலையில் ஒரு ஜூன் மாதம் இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். மழை விட்டால் காற்று, காற்று விட்டால் மூடுபனி.

அந்த மாடியில் இரண்டு கோளாறு. ஒன்று, தலைக்கு மேல் விட்டம். கொஞ்சம் தூக்கி அடித்தால் ஷட்டில் விட்டத்தில் முட்டித் தொப்பென்று கீழே விழும், பாயின்ட் போய்விடும். அதனால் அங்கே ஆடியவர்கள் எல்லாரும் நெட்டை உரசிக்கொண்டு போகிற மாதிரித் தட்டையாக அடிக்கவே பழகினார்கள். இன்னொன்று, பின்பக்கம் கோடு போட இடம் இல்லை. சுவர்தான் கோடு. சுவரில் மோதும்வரை வந்ததெல்லாம் உள்ளேதான். 'இது வெளியே போகும்' என்று பார்த்து விட்டுவிடுகிற வேலையே அந்த ஆட்டத்தில் கிடையாது. வந்ததை அடிக்க வேண்டும், எட்டாவிட்டால் விழுந்து புரண்டாவது அடிக்க வேண்டும்.

ஏழு வயதில் அப்பா பெரியமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினாள் மாரி. பன்னிரண்டு வயதில் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி என்றார், ஜீப்பில் ஏற்றினார்கள், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது ஆள் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் இரண்டே பேர், மாரியும் அம்மா அழகுத்தாயும். அழகுத்தாய் கொழுந்து வெட்டுகிறவள். கத்தரியைப் பிடித்துப் பிடித்து வலது கை பெருவிரல் ஒரு பக்கமாகவே சாய்ந்துபோய்விட்டது.

லயத்து வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே வரிசையில் பத்துக் கதவு இருக்கும், அதில் ஒரு கதவு அவர்களுடையது. அவர்களுடையது என்பது பேச்சுக்குத்தான். வீட்டில் யாராவது ஒருவர் பெயர் எஸ்டேட் ரிஜிஸ்டரில் இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கதவு. கடைசிப் பெயரும் ரிட்டயர் ஆகிவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளில் ஒருத்தர் தன் பெயரைப் பதிந்து கத்தரியைக் கையில் வாங்க வேண்டும். 2024 அக்டோபரோடு அழகுத்தாய் ரிட்டயர். அதற்குள் மாரிக்கு வெளியே ஒரு வேலை கிடைத்துவிட வேண்டும். அவள் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடியதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். தேசியப் போட்டியில் ஒரு மெடல் வாங்கிவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏதாவது ஓர் ஆபீஸில் நாற்காலி கிடைக்கும். அம்மாவை அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிடலாம்.

பதினான்கு வயதில் பாலக்காட்டு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. அங்கேதான் மௌனிகா. நல்லேப்பிள்ளிக்காரி, வாட்டசாட்டமான உடம்பு, அப்பா செங்கோட்டையனுக்கு நெல்வயல். அவள் ஷட்டில் பழகியது நெல் காயப்போடும் களத்தில். பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்றைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். களத்தில் ஷட்டிலைத் தட்டினால் அது அடித்தவள் சொன்ன இடத்துக்குப் போகாது, காற்று சொன்ன இடத்துக்குத்தான் போகும். அதனால் மௌனிகாவுக்கு ஸ்மாஷ் வருவதற்கு முன்னாலேயே ஒரு வித்தை வந்துவிட்டது. மேலே போகிற ஷட்டிலை ஒரு பார்வை பார்த்தே அது உள்ளே விழுமா வெளியே விழுமா என்று சொல்லிவிடுவாள். வெளியே என்றால் ராக்கெட்டைக் கீழே தொங்கவிட்டு அசையாமல் நிற்பாள். பார்க்கிறவர்கள் 'அடி, அடி' என்று கத்துவார்கள். ஷட்டில் கோட்டுக்கு இரண்டு விரல்கடை அந்தப் பக்கம் விழும்.

இவள் எதையும் விடத் தெரியாதவள், அவள் விடுவதில் கெட்டிக்காரி. மலையாளத்துக் கோச் ஒருநாள் இரண்டு பேரையும் சும்மா ஜோடி சேர்த்துப் பார்த்தார். அன்றைக்குச் சேர்ந்ததுதான். மாரி நெட்டுக்கு முன்னால், மௌனிகா பின்னால். முன்னால் நிற்கிறவள் தலைக்கு மேல் ஷட்டில் வரும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "விட்று!" உடனே மாரி ராக்கெட்டைச் சுருக்கிக்கொள்வாள். பின்கோடு எங்கே இருக்கிறது என்று அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் மௌனிகா இருந்தாளே.

கோச்சிடம் இருவரும் மலையாளம், தங்களுக்குள் தமிழ். அந்தத் தமிழும் ஒன்றில்லை.

"ஏட்டி மௌனி, உங்க ஊர்ல சண்ட போடும்போதும் 'ங்க' போட்டுத்தான் வைவீகளோ?"

"அதென்ன புள்ள 'ஏட்டி'ங்கற? என்ற அப்பா கேட்டா, யாரோ வையறாங்கன்னு தடியெடுத்துட்டு வந்துருவாரு."

ஹாஸ்டல் முடிந்த பிறகு மாரி நல்லேப்பிள்ளியில் மௌனிகாவின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். காலையில் பக்கத்துச் சித்தூரில் ஒரு இண்டோர் கோர்ட்டில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு ஸ்கூட்டரில் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போவார்கள், பையன்களோடு ஆட. பெண்களோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் வேகம் வராது என்பது மௌனிகாவின் கட்சி. சந்தை நாளில் வேலந்தாவளத்தில் மாடுகளுக்கு நடுவே ஸ்கூட்டர் மாட்டிக்கொள்ளும். "ஏனுங், கொஞ்சம் ஒதுங்குங்க" என்று மௌனிகா மாட்டுக்கும் மரியாதை கொடுத்துத்தான் கேட்பாள். பின்னால் இருக்கிறவளுக்குச் சிரித்துச் சிரித்து ராக்கெட் பை தோளிலிருந்து நழுவும்.

இரண்டு முறை மாநில சாம்பியன். ரயிலில் ஆளுக்கொரு பெர்த் கிடைக்காமல் ஒரே பெர்த்தில் தலைமாடு கால்மாடாகப் படுத்து நாட்டின் பாதியைச் சுற்றிவிட்டார்கள். ஆனால் தேசியப் போட்டியில் காலிறுதி வந்ததும் ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். காலிறுதியில் ஜெயித்து அரையிறுதிக்குப் போய்விட்டால் வெண்கலம் உறுதி. அப்புறம் தோற்றாலும் மெடல் மெடல்தான். அந்த ஒரே ஒரு படிதான் இரண்டு வருஷமாக ஏற முடியவில்லை. மெடல் இல்லாதவளுக்கு எந்த ஆபீஸிலும் நாற்காலி இல்லை.

டபுள்ஸ் ஒரு பாழாய்ப்போன ஆட்டம். ஒற்றையில் ஆடுகிறவள் தோற்றால் தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம். டபுள்ஸில் பாதி விதி இன்னொருத்தியின் உடம்பில் இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இவளுக்கும் ஆட்டம் இல்லை. அவளுடைய முழங்கால்தான் இவளுடைய வேலை, இவளுடைய வீடு. ராங்க் என்று ஒன்று இருக்கிறதே, அதுகூட ஜோடிக்குத்தான். ஜோடி பிரிந்தால் புதுசாக அடியிலிருந்து ஏறி வர வேண்டும்.

2023 டிசம்பரில் ராய்ப்பூரில் தேசியப் போட்டி. மறுபடியும் காலிறுதி. எதிரே மகாராஷ்டிரத்து ஜோடி, இரண்டு பேரும் நல்ல உயரம். முதல் கேம் இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது கேமில் பதினைந்துக்குப் பதினான்கு என்று இவர்கள் முன்னால் இருந்தபோது மௌனிகா ஸ்மாஷுக்கு எம்பி இறங்கினாள். இறங்கிய கால் திரும்பிவிட்டது. மாரிக்கு அது சத்தமாகவே கேட்டது, காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற மாதிரி.

டாக்டர் ஓடிவந்து ஸ்ப்ரே அடித்தார். ரிட்டயர் ஆகிறீர்களா என்று அம்பயர் கேட்டார். மாரி மௌனிகாவைப் பார்த்தாள். ஆடு என்று சொன்னால் பாவி. வேண்டாம் என்று சொன்னால் அம்மாவின் கதவு போய்விடும். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

மௌனிகாதான் எழுந்தாள். "ஆடலாம் புள்ள. என்னால ஓடத்தான் முடியாது. நிக்க முடியும்."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். மௌனிகா ஒரு மூலையில் ஒற்றைக் காலில் நிற்க, முழுக் கோர்ட்டையும் மாரி ஒருத்தியே ஆடினாள். முன்னால் விழுவதும் அவளுடையது, பின்னால் போவதும் அவளுடையது. எஸ்டேட் மாடியில் சுவர்வரை விரட்டி அடித்த பழைய மாரி வந்துவிட்டாள். விழுந்தாள், எழுந்தாள், முட்டியில் தோல் போயிற்று. "இந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?" என்று கேலரியில் யாரோ ஹிந்தியில் கத்தினார்கள்.

ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் அவள் தொட முடியாது. எதிராளி போடுகிற சர்வீஸ் எந்தக் கட்டத்துக்கு வருகிறதோ, அந்தக் கட்டத்தில் நிற்கிறவள்தான் அதை எடுக்க வேண்டும். கூட்டாளிக்குக் கால் இல்லை, கை இல்லை என்றெல்லாம் விதி பார்க்காது. மௌனிகாவுக்கு வருகிற சர்வீஸை மௌனிகாதான் எடுக்க வேண்டும். மாரி தொட்டால் ஃபால்ட், பாயின்ட் எதிராளிக்கு. ஒவ்வொரு முறை அவளுக்கு சர்வீஸ் வரும்போதும் மாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவள் எப்படியோ நின்ற இடத்திலிருந்தே தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அடுத்த பாயின்ட் நீளமாக இழுத்துக்கொண்டே போய், கடைசியில் மௌனிகா பக்கத்து மூலையில் விழுந்தது. அவர்களுக்கு இருபது. இன்னும் ஒன்று எடுத்தால் அவர்கள் ஜெயித்தார்கள். சர்வீஸ் மௌனிகாவுக்கு.

எதிரே சர்வீஸ் போட்டவள் குட்டையாகப் போடுகிற மாதிரிக் கையைக் காட்டி, கடைசி நொடியில் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். ஓட முடியாதவளுக்கு அதைவிடக் கொடுமையான சர்வீஸ் கிடையாது. மௌனிகா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நகரவில்லை. அப்படியே நின்றாள். மாரி கண்டது அந்த நிற்பை மட்டும்தான். மூளைக்கு எட்டுவதற்குள் கால் எட்டிவிட்டது. இரண்டே தாவல், உடம்பை வில்லாக வளைத்து ஓர் அடி. ஷட்டில் எதிராளிகள் இருவருக்கும் நடுவே தரையில் போய்க் குத்தி நின்றது. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு ஸ்மாஷ் அடித்ததில்லை.

கைமுஷ்டியை மடக்கிக்கொண்டு திரும்பினாள். எதிரே அந்த இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்பயர் "ஃபால்ட்" என்று சொல்லி ஆட்டத்தை முடித்தார். ஒரு கணம் மாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான், அது மௌனிகாவுக்கு வந்த சர்வீஸ் என்பது உறைத்தது.

முதலுதவி அறையில் மௌனிகாவின் முழங்காலில் ஐஸ் கட்டியிருந்தார்கள். மாரி கதவருகே நின்றாள். உள்ளே போகப் பயம்.

"ஏன் புள்ள தொட்ட?"

"உன்னால முடியாதுன்னு நெனச்சிட்டேன் மௌனி."

மௌனிகா ஐஸ் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அது வெளிய போச்சு. பாத்துட்டுத்தான் விட்டேன்," என்றாள். "எனக்கு வந்த சர்வீஸ்தான, நீ தொடமாட்டன்னு நெனச்சேன். இல்லாட்டிக் கத்தியிருப்பேன்."

இரண்டு நாள் கழித்து வீடியோ வந்தது, பக்கவாட்டிலிருந்து யாரோ போனில் எடுத்தது. டபுள்ஸில் சர்வீஸுக்கு மட்டும் பின்கோடு இரண்டரை அடி உள்ளே தள்ளி இருக்கும். மாரி எம்பி அடிக்கிற இடத்தில் ஷட்டில் அந்தக் கோட்டைத் தாண்டி நன்றாகவே வெளியே போயிருந்தது. பக்கத்தில் மௌனிகா ராக்கெட்டைத் தொங்கவிட்டு, நல்லேப்பிள்ளிக் களத்தில் நிற்கிற மாதிரி நிம்மதியாக நிற்கிறாள். மாரி அதை ஒரே முறை பார்த்தாள், பிறகு போனிலிருந்து அழித்துவிட்டாள். விட்டிருந்தால் ஜெயித்திருப்பார்களா? யாருக்குத் தெரியும். இருபதுக்கு இருபது ஆகியிருக்கும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவளைத் தூங்கவிடவில்லை.

இதற்கு யாரைப் போய் நோவது? சர்வீஸ் போட்டவளையா, விதி எழுதியவனையா, எஸ்டேட் மாடியில் சுவரைக் கோடாக்கியவர்களையா? எனக்கென்னவோ எரிச்சல்தான் வருகிறது. ஒருத்திமேல் உயிரையே வைத்திருக்கிறவள் செய்கிற தப்புக்கு என்ன தண்டனை கொடுத்து ஆற்றிக்கொள்வது?

ஜனவரியில் மௌனிகாவுக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன். மாரி கூடவே இருந்தாள், கஞ்சி கொடுத்தாள், கக்கூஸுக்குத் தாங்கிப் போனாள். இருவரும் எல்லாம் பேசினார்கள், ராய்ப்பூரைத் தவிர. கால் சரியாகப் பத்து மாதம் என்றார்கள். அதுவரை மாரி வேறு வேறு ஆட்களோடு ஆடிப் பார்த்தாள். கடைசியாக ஜோமோளோடு. தொடுபுழைக்காரி, நல்ல பிள்ளை, பின்னால் நின்று நன்றாக அடிப்பாள். ஆனால் பின்னாலிருந்து அவள் "விடு! விடெடீ!" என்று கத்துவதற்குள் மாரி அடித்துவிட்டிருப்பாள். வெளியே போகிறதையெல்லாம் அடித்து அடித்தே ஆறு போட்டியில் ஐந்தில் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். ஜோமோள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் மூன்றாவது வாரம் மாரி மலை ஏறினாள். மாதக் கடைசிச் சனிக்கிழமையோடு அம்மாவுக்கு வேலை முடிகிறது.

வீட்டில் அழகுத்தாய் சிமெண்டுத் தரையை உரசி உரசிக் கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் அடுப்படிச் சுவருக்கு வெள்ளையடித்தாள். அதற்கு மறுநாள் பழைய டின்களில் வைத்திருந்த ரோஜாச் செடிகளையெல்லாம் தூக்கிப் பக்கத்துக் கதவு கோமதிக்குக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் வாசற்படியில் நின்று எதிரே மலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் நின்றாள். மாரி உள்ளேயிருந்து அந்த நிற்பைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் இருந்த வீடு, அப்பா இருந்த வீடு. இதை விட்டுவிட்டு இந்த வயதில் இந்த மனுஷி எங்கே போகும்?

"என்னம்மா யோசன?"

"ஒண்ணுமில்லட்டி. சும்மா நிக்கேன்."

வியாழக்கிழமை மௌனிகா போன் செய்தாள். குரலில் பழைய துள்ளல். "புள்ள, டாக்டரு ஆடலாம்னுட்டாரு. இன்னிக்கு அரை மணி நேரம் அடிச்சுப் பாத்தேன், வலியே இல்ல. ஸ்டேட் மேட்ச்சுக்கு எண்ட்ரி நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட மூடறாங்க. ஸ்டேட் ஆடாட்டி நேஷனலுக்கு எடுக்கமாட்டாங்க, தெரியுமல்லோ. நம்ம ரெண்டு பேரு பேரையும் போட்டறட்டுமா?"

பத்து மாதமாக மாரி காத்திருந்த போன் அது. சரி என்று சொல்ல நாக்கு எழுந்தது. அப்போது பார்த்து வாசலில் அம்மா காலி ரோஜா டின்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சொல்லுதேன் மௌனி."

அன்று இரவெல்லாம் கணக்குப் போட்டாள். ஸ்டேட் டிசம்பரில், நேஷனல் அதற்கும் பிறகு. மெடல் கிடைத்தாலும் வேலை வர ஒரு வருஷம், இரண்டு வருஷம். சாவியோ அடுத்த வாரம். எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு அம்மாவை நடுத்தெருவில்தான் கொண்டுபோய் நிறுத்தியது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ஓட்டப் பயிற்சிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நேரே எஸ்டேட் ஆபீஸுக்குப் போனாள். வாரிசு என்று எழுதிய கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திங்கள்கிழமை காலை மஸ்டருக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, வந்துவிடச் சொன்னார்கள்.

படியில் உட்கார்ந்து மௌனிகாவுக்குப் போன் செய்தாள்.

"முடியாது மௌனி. நான் எஸ்டேட்ல பேரு பதிஞ்சிட்டேன்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. களத்தில் நின்று பேசுகிறாள் போல.

"அம்மாவ ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும். அதுக்கு வேற போக்கு இல்லட்டி."

"கேக்கவே இல்லையா புள்ள?" என்றாள் மௌனிகா. "அப்ப நான் ஜோமோளக் கூப்பிடறேன். எனக்கும் வயசாகுதல்லோ. தப்பா நெனச்சுக்காத."

"நெனைக்க மாட்டேன்," என்றாள் மாரி. போனை வைத்துவிட்டு அந்தப் படியிலேயே குனிந்து உட்கார்ந்து அழுதாள். கொழுந்துச் சாக்கோடு இறங்கிவந்த பெண்கள் என்னவோ ஏதோவென்று பார்த்துக்கொண்டே போனார்கள்.

சனிக்கிழமை அழகுத்தாய்க்கு மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், எல்லாருக்கும் டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். மாரி கை தட்டினாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பைக் கெடுப்பானேன், திங்கள்கிழமை தானே தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

திங்கள்கிழமை விடிந்ததும் ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு இறங்கினாள். மஸ்டர் ஷெட்டில் நாற்பது பேர் நின்றார்கள். ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு கண்டக்டர், வேலை பிரிக்கிற மேஸ்திரி அவர்தான், பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பாதி முடிந்திருக்கும். பாதையில் அம்மா வருவது தெரிந்தது. நல்ல சேலை, தலைவாரிப் பூ வைத்திருந்தாள். ஒரு கையில் துடைத்துச் சுத்தம் பண்ணிய கத்தரியும் இடுப்பில் கட்டுகிற ரப்பர் ஷீட்டும், இன்னொரு கையில் வீட்டுச் சாவியும் ஒரு கடுதாசியும். மகளைப் பார்த்ததும் சிரித்தாள். ஓடிவிட்டு இங்கே வேடிக்கை பார்க்க நிற்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"மாரீஸ்வரி," என்று கூப்பிட்டார் கண்டக்டர். "அழகுத்தாய் மக, புதுசு."

அழகுத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மெதுவாக நடந்து மகளிடம் வந்தாள்.

"எதுக்குட்டி உன் பேரக் கூப்புடுதாக?"

"நாந்தாம்மா பதிஞ்சேன். வீடு போயிருமுல்ல."

"வீட்டத்தான் நான் விட்டுட்டேனேட்டி!" அழகுத்தாயின் குரல் உடைந்தது. கையிலிருந்த கடுதாசியை நீட்டினாள். "இந்தா, ஒப்படைக்கதுக்குத்தான எழுதிட்டு வாரேன். போடில உங்க சித்தி மாடி ரூம ஆடி மாசமே எனக்குன்னு ஒழிச்சுப் போட்டிருக்கா. அவளும் தனியாத்தான இருக்கா. உங்கிட்டச் சொன்னா, ஆட்டத்த விட்டுட்டு இங்கன வந்து நிப்பேன்னு தெரியும். மௌனி காலு நல்லாவட்டும், நீ கெளம்பிப் போன பொறவு சொல்லலாம்னு வாயக் கட்டிட்டு இருந்தேன்."

தரையை உரசியது, வெள்ளையடித்தது, செடிகளைக் கொடுத்தது எல்லாம் மாரியின் கண்முன் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. ஒப்படைக்கிற வீட்டைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்று அம்மா பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள்.

"இப்பவே போயி வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேம்மா. ஒண்ணும் கெட்டுப்போகல."

"மௌனி என்ன சொன்னா?"

மாரி தலையைக் குனிந்துகொண்டாள். "முடியாதுன்னு சொல்லிட்டேன். எண்ட்ரி வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிட்டு. மௌனி ஜோமோள்கூடச் சேந்து பேரு குடுத்துட்டா."

கண்டக்டர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "புதுக் கத்தரி ஸ்டோர்ல இல்ல பாப்பா. அம்மா கொண்டாந்தத வாங்கிக்க. அஞ்சாம் நம்பர் ஃபீல்டு. ஆளுக போறாங்க."

அழகுத்தாய் கத்தரியை மகளிடம் கொடுக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில்.

"ஏட்டி, என்னால முடியாதுன்னு நெனச்சிட்டியா?"

மாரிக்கு அதற்குப் பதில் தெரியும். ராய்ப்பூரில் ஒருமுறை சொன்ன பதில்தான்.

அழகுத்தாய் கத்தரியை மேசைமேல் வைத்தாள். ரப்பர் ஷீட்டை அதன்மேல் வைத்தாள். சாவியை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். ஆட்கள் வரிசையாக மேட்டில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். மாரி மேசையைப் பார்த்தாள். இந்த வருஷத்து ஆட்டம் ஜோமோளோடு போய்விட்டது, ரிஜிஸ்டரில் பெயர் ஏறிவிட்டது. கத்தரியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.